காகிதத்தில் கட்டிய வீடு

புது தில்லி: பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு 1947 ஜூலை 18-ஆம் தேதி மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. எல்லையை வகுப்பதற்காக சிரில் ராட்கிளிஃப் இந்தியா வந்து சேர்ந்து அப்போது பத்து நாள்களே ஆகியிருந்தன. ஐந்து வார அவகாசத்தில் அவர் வகுத்த கோடு ஆகஸ்ட் 17-ஆம் தேதி வெளியிடப்பட்டது. அதற்குள் இரு நாடுகளிலும் சுதந்திரக் கொடி ஏறிவிட்டது. தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைக் கோடி ஏறிய பிறகே பல லட்சம் மக்கள் தெரிந்துகொண்டனர்.

அந்த ஆண்டில் அலிகர் நகரில் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் ஜரீனா ஹஷ்மி. 54 ஆண்டுகள் கழித்து, 2001-இல், அதே கோட்டை அவர் ஒரு மரப்பலகையில் செதுக்கினார். கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் இருபுறமும் இருந்த பரப்பை உளியால் குடைந்து எடுத்தார். கையால் செய்த இந்தியக் காகிதத்தில் கருப்பு மையால் அச்சிட்டபோது, நடுவே வளைந்து இறங்கும் அந்தக் கோடு மட்டுமே அழுத்தமாக எஞ்சியது. ஊர்ப் பெயர்கள் இல்லை, கொடிகளும் இல்லை. 'பிரிக்கும் கோடு' என்பது அந்தப் படைப்பின் தலைப்பு. அதைச் செதுக்க வரைபடத்தைப் பார்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை, அந்தக் கோடு நெஞ்சிலேயே பதிந்திருக்கிறது என்று அவர் கூறியதுண்டு.

காகிதத்தையும் கோட்டையும் மட்டுமே நம்பி அரை நூற்றாண்டு காலம் இயங்கிய ஒரு கலைவாழ்வின் சாரம் அந்த ஒற்றைப் படைப்பில் இருக்கிறது.

கணிதத்திலிருந்து அச்சுக்கலைக்கு

ஜரீனாவின் தந்தை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். மகள் அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958-இல் பட்டம் பெற்றார். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகச் சேர்ந்து பட்டம் பெற்றவர் அல்லர். வெளியுறவுப் பணி அதிகாரி ஒருவரை மணந்து கணவருடன் பாங்காக் சென்றவர், அங்குதான் மரச்செதுக்கு அச்சுக்கலையைக் கற்கத் தொடங்கினார்.

1959-இல் அவரது குடும்பம் கராச்சிக்கு இடம் பெயர்ந்தது. தேசப் பிரிவினை நடந்த ஆண்டில் நேராதது, 12 ஆண்டுகள் கழித்து நேர்ந்தது. வெளிநாட்டில் இருந்த மகளுக்குத் திரும்பி வருவதற்கு அலிகரில் பெற்றோர் வீடு இல்லாமல் போயிற்று.

1960-களில் பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் நடத்திய 'அத்தெலியே 17' அச்சுக்கூடத்தில் அவர் பயிற்சி பெற்றார். உலகின் முன்னணி அச்சுக்கலைஞர்கள் கூடிய இடம் அது. சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்த கிருஷ்ணா ரெட்டியும் அந்தக் கூடத்தோடு நெருக்கமாக இணைந்திருந்தவரே. 1968 முதல் 1974 வரை தில்லியில் வாழ்ந்த ஜரீனா, அச்சுக்கலைக்கான குடியரசுத் தலைவர் விருதை 1969-இல் பெற்றார். பின்னர் டோக்கியோவில் ஜப்பானிய மரச்செதுக்கு முறையைப் பயின்றார். 1970-களின் நடுவில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் தங்கினார். கணவர் 1977-இல் காலமானார்.

காகிதமே சிற்பம்

அந்தக் காலகட்டத்தில்தான் அவருக்குக் காகிதம் வெறும் அச்சுப் பரப்பாக இருந்த நிலை மாறியது. மையோ வண்ணமோ இல்லாமல், வெள்ளைக் காகிதத்தை ஊசியால் குத்திக் குத்தியே அவர் உருவாக்கிய படங்கள் 1977-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. புள்ளிகளின் ஓரத்தில் விழும் நிழலே அங்கு கோடாகிறது. அடுத்து, காகிதக்கூழில் நிறமிகளைக் கலந்து, அச்சுகளில் வார்த்துச் சுவரில் பொருத்தும் சிற்பங்களைச் செய்தார். 'ஒளிந்துகொள்ளும் இடங்கள்' (1980) அந்த வரிசையில் ஒன்று.

அதே 1980-இல் நியூயார்க்கின் ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தில், அமெரிக்காவில் வாழும் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களின் கண்காட்சியை அனா மெண்டியெட்டா, கஸுகோ மியாமோட்டோ ஆகியோருடன் சேர்ந்து அமைத்தார். வெள்ளையினப் பெண்களின் அனுபவத்தையே எல்லாப் பெண்களின் அனுபவமாகக் கொண்ட அன்றைய பெண்ணுரிமை இயக்கத்துக்கு அது ஒரு நேரடிப் பதிலாக அமைந்தது.

36 சொற்கள்

1990-களில் வீடு என்பதே அவரது நிலையான பொருளாயிற்று. அலிகர் வீட்டின் தரைப்படத்தை 'தந்தையின் வீடு' என்ற தலைப்பில் உலோகத் தகட்டில் வரைந்து அச்சிட்டார். தாம் வசித்த வீடுகளின் தரைப்படங்கள் 1997-இல் 'ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை' ஆயின. 1999-இல் உருவான 'வீடு ஓர் அந்நிய இடம்' என்ற தொகுப்பில் 36 மரச்செதுக்கு அச்சுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் உருதுச் சொல்: வீடு, வாசற்படி, கதவு என அவை நீள்கின்றன. முதலில் சொற்களைப் பட்டியலிட்டு, பாகிஸ்தானில் உள்ள எழுத்துக் கலைஞர் ஒருவரிடம் நஸ்தாலிக் வடிவில் எழுதி வாங்கினார். படம் பிறகே வந்தது. பிறந்த மண்ணிலேயே ஒரு மதத்தாரின் மொழி எனச் சுருக்கப்பட்டுவிட்ட உருதுவை, தம் வீட்டின் மொழியாக அவர் பதிவு செய்தார்.

பாகிஸ்தானில் வாழ்ந்த சகோதரி அவருக்கு எழுதி, அஞ்சலில் சேர்க்காமலே வைத்திருந்த உருதுக் கடிதங்கள் 2004-இல் 'வீட்டிலிருந்து கடிதங்கள்' என்ற எட்டு அச்சுகளாயின. பெற்றோரின் மரணமும் வீட்டை விற்ற செய்தியும் அக்கடிதங்களில் இருந்தன. அவற்றின் மீது வீட்டின் தரைப்படமும் நகரின் வரைபடமும் படிந்து நிற்கின்றன.

அவரது பார்வை குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. 2003-ஆம் ஆண்டுத் தொடர் ஒன்றில் ஒன்பது நகரங்களின் வரைபடங்களைச் செதுக்கினார். சரயேவோ, பாக்தாத், பெய்ரூட், காபூல் ஆகியவற்றுடன், 2002 கலவரத்தைக் கண்ட ஆமதாபாதும் அதில் இடம்பெற்றது. நியூயார்க் நகருக்கு அவர் வரைந்தவை கருப்புப் பரப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டுமே.

வெனிஸில் இந்திய அரங்கு

2011-இல் 54-வது வெனிஸ் பினாலே கண்காட்சியில் லலித் கலா அகாதெமி இந்திய அரங்கை அமைத்தது. 1895-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில் இந்தியாவின் முதல் தேசிய அரங்கு என அது அறிவிக்கப்பட்டது. ரஞ்சித் ஹோஸ்கோட்டே தேர்ந்தெடுத்த கலைஞர்களில் ஜரீனாவும் ஒருவர். ஜப்பானியக் காகிதத்தின் மீது தங்க ரேக்கு ஒட்டி, திரைபோலத் தொங்கவிட்ட 'கண் கூசும் ஒளி' அங்கு வைக்கப்பட்டது. எந்த நாட்டில் தமக்கு வீடில்லை என்று வாழ்நாளெல்லாம் வரைந்தாரோ, அந்த நாட்டின் பெயரிலேயே அவர் உலக அரங்கில் நின்றார். அதன் பிறகு இந்திய அரங்கு அங்கு மீண்டும் அமைய 2019 வரை எட்டு ஆண்டுகள் ஆயின.

அவருடைய முதல் முழுமையான பின்னோக்குக் கண்காட்சி, 75-வது வயதில், 2012-இல் லாஸ் ஏஞ்சலீஸின் ஹாமர் அருங்காட்சியகத்தில் நடந்தது. மறு ஆண்டு அது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கும் சிகாகோவுக்கும் சென்றது.

தில்லி, 2020

தில்லி கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தில் அவரது விரிவான கண்காட்சி 2020-இன் தொடக்கத்தில் நடந்தது. 'ஒன்பது கோடுகளில் ஒரு வாழ்க்கை' என்பதே அதன் தலைப்பு. குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11-ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியிருந்தது. யார் இந்தியர், அதை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது என்ற கேள்வியோடு தலைநகரின் ஷாஹீன் பாகில் பெண்கள் சாலையில் அமர்ந்திருந்த நாள்கள் அவை. அதே நகரின் மற்றொரு பகுதியில், பிரிவினைக் கோடு ஒரு தாளில் சுவரில் தொங்கியது. நாடாளுமன்றத்தில் அந்தக் கோட்டைப் பற்றி இரு தரப்பினரும் மணிக்கணக்கில் வாதிட்டனர். அந்தக் கோட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை ஜரீனாவின் தாள்கள் எந்தத் தரப்பும் சேராமல் காட்டின.

மார்ச் மாத இறுதியில் பொதுமுடக்கம் வந்தது. ஷாஹீன் பாக் பந்தலும் அகற்றப்பட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25-ஆம் தேதி, 82-வது வயதில் லண்டனில் ஜரீனா காலமானார். அலிகருக்கும் கராச்சிக்கும் நியூயார்க்குக்கும் வெளியே, இன்னொரு ஊரில் அவரது பயணம் முடிந்தது. தந்தையின் வீட்டில் எந்த அறை எங்கே இருந்தது என்பது, அவர் உருதுவில் எழுதிய குறிப்புகளுடன் அந்தத் தாளில் இன்றும் இருக்கிறது.