45 எழுத்துத் தூசி

சேரப்பணஞ்சேரியில் என் அக்கா வீடு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகும் கன்டெய்னர், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர், ஷிப்டு பஸ் என்று அந்தச் சாலைக்குத் தூக்கமே கிடையாது. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

போன மாதம் போயிருந்தபோது, ஏழாவது படிக்கும் அக்கா மகன் திண்ணையில் சாக்பீஸால் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதிக்கொண்டிருந்தான். திண்ணை முடிந்துவிட்டது, வார்த்தை முடியவில்லை. மிச்சத்தைப் படியில் இறக்கி எழுதினான்.

"மாமா, டிக்‌ஷனரியிலேயே பெரிய வார்த்தை! 45 எழுத்து. மூச்சு விடாம சொல்லுங்க பார்ப்போம்."

நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ்.

மூன்றாவது முயற்சியில்தான் கரை சேர்ந்தேன். அர்த்தம் கேட்டேன். "ஏதோ நோய் மாமா" என்றான். மனப்பாடம் செய்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்!

இது ஒரு கூட்ஸ் வண்டி. பெட்டிகளைக் கழற்றிப் பாருங்கள். நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோபிக் என்றால் சாதாரண நுண்ணோக்கியிலும் அகப்படாத அளவு சிறியது. சிலிகோ, மணலில் இருக்கும் சிலிக்கா. வால்கனோ, எரிமலை. கோனி என்பது தூசிக்கான கிரேக்கச் சொல். கடைசிப் பெட்டியான ஓசிஸ், நோய். கோத்துப் படித்தால், எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசித்ததால் நுரையீரலுக்கு வரும் நோய். இப்போது மனப்பாடமே தேவையில்லை. தமிழில் எழுதினால் வண்டி இன்னும் சின்னது, 27 எழுத்துதான். நம் 'கோ'வை ஆங்கிலம் இரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதுகிறது அல்லவா, அதனால்.

இதைச் செய்தவர் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் 1883-இல் புதிர்ப் பிரியர்கள் சேர்ந்து தொடங்கிய தேசியப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், 1935-இல் வேண்டுமென்றே நீட்டிச் செய்த வார்த்தை. பத்திரிகையில் வந்தது, பிறகு அகராதியிலும் ஏறிவிட்டது. விளையாட்டுப் பொம்மை கொலுப்படியில் ஏறி உட்கார்ந்த மாதிரி!

"இதை ஸ்கிராபிள்ல வெச்சா எவ்ளோ பாயின்ட் மாமா?"

வைக்கவே முடியாதுடா. ஸ்கிராபிள் பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான். உங்கள் ஊர்ப் பெயர் தமிழில் 8 எழுத்து. ஆங்கிலத்தில் 'சி எச்'சில் தொடங்கி முழுதாக எழுதினால் 16. ஒரே ஒரு எழுத்து வெளியே தொங்கும். (ஊர்ப் பெயரை வைப்பதே ஆட்டத்தில் தப்பு, அது வேறு விஷயம்.) அவனுக்கு 15 எழுத்தில் ஒரு வார்த்தை கொடுத்தேன்: அன்காப்பிரைட்டபிள். 'காப்புரிமை பெற முடியாத' என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், ஒரு எழுத்துகூட இரண்டு முறை வராது. எனக்கு 45-ஐவிட இந்த 15 மேல் என்றுதான் படுகிறது. அது நீளம், இது சாமர்த்தியம்.

இன்னொன்று, 29 எழுத்து: ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன். 1741-லேயே புழங்கியது. 2018 அக்டோபரில் திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது இதைப் போட, நாடே அகராதியைப் புரட்டியது. கம்பளிப் பிசிறு, அற்பம், ஒன்றுமில்லை, மயிரிழை என்று பொருள் தரும் நான்கு லத்தீன் சொற்களை ஒன்றாகத் தைத்தது. ஒன்றைச் சல்லிக்காசுக்குப் பெறாது என்று ஒதுக்குவதுதான் இதன் பொருள். "இதுக்கா இவ்ளோ நீளம்?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து. "கால் தூசின்னா முடிஞ்சுபோச்சு!"

ஆனால் தூசி அவ்வளவு அற்பமில்லை. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஜன்னல் கம்பியில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும், தும்மினால் போச்சு. 5 மைக்ரானுக்கும் குறைந்தது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்கும். சிலிக்காவை அவற்றால் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்துப்போகும், துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும். இப்படி நடந்து நடந்து அந்த இடம் தழும்பாகிவிடும். ஆறிய புண்ணின் தழும்பு தோலில் எப்படி விறைப்பாக இருக்கிறது? நுரையீரலும் அப்படி விறைத்தால் காற்றுக்கு ஏற்ப விரியாது.

பயப்படாதீர்கள், திண்ணையில் சாக்பீஸ் பிடித்தால் இந்த நோய் வராது. சாக்பீஸ் ஜிப்சமோ சுண்ணாம்போதான். ரோட்டோரம் நடந்தாலும் வராது. வருஷக்கணக்கில் கல் உடைக்கும் கிரஷரிலும், எஞ்சின் பாகம் வார்க்க மணல் அச்சு செய்யும் பட்டறையிலும் நிற்கிறவர்களைப் போல, இந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்குத்தான் வரும். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்று ஓர் ஊர். உங்கள் தாத்தா பாட்டி சிலேட்டில் எழுதிய பலப்பம் அங்கேயும் நிறைய செய்யப்பட்டது. கல்லை இயந்திரத்தில் அறுத்துக் குச்சியாக்கும்போது பறந்த தூசி, அறுத்தவர்களின் நுரையீரலில் போய்ச் சேர்ந்தது. சிறு வயதிலேயே பலருக்கு மூச்சு முட்டியது.

கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அறுத்தால் தூசியில் பெரும்பகுதி எழும்பாமல் சேறாகிக் கீழே விழுந்துவிடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை போதாது. இவ்வளவு சின்னத் துகள் துணியின் இழை இடுக்கில் நுழைந்துவிடும்.

அக்கா மகன் திண்ணையை அழித்துவிட்டு, "அப்போ டாக்டர் சீட்டுல இந்த 45 எழுத்தையும் எழுதுவாரா?" என்றான். மாட்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருந்ததும் டாக்டர் எழுதுவதும் சிலிகோசிஸ் என்ற பெயர்தான். ஆங்கிலத்தில் 9 எழுத்து, தமிழில் 5.