சாலைச் சந்திப்புச் சீரமைப்பில் விரைவுக் கட்டுமானத் திட்டமிடல்: பெய்சிங் சன்யுவான் பாலம்

முன்னுரை

நெரிசல் மிகுந்த சாலைச் சந்திப்பைச் சீரமைக்கையில் எழும் முதல் வினா, போக்குவரத்தை எவ்வாறு நிறுத்துவது என்பதாகும். பகுதி பகுதியாகப் பணி செய்தால் சாலை முழுவதும் அடைபடாது. ஆனால் இடையூறு மாதக்கணக்கில் நீளும். முற்றிலும் மூடினால் இடையூறு கடுமையாயினும் விரைவில் நீங்கும். இவ்விரண்டாம் முறையின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

சன்யுவான் பாலம்

பெய்சிங்கின் மூன்றாம் வட்டச் சாலையும் விமான நிலைய விரைவுச்சாலையும் கூடுமிடத்தில் உள்ள சன்யுவான் பாலம் 1984இல் கட்டப்பட்டது. நலிவுற்ற அதன் மேற்கட்டமைப்பு 2015 நவம்பரில், ஒரு வார இறுதியில், 43 மணி நேரத்தில் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 1,300 டன் எடையுள்ள புதிய எஃகுத் தளம் முன்னரே உருவாக்கப்பட்டிருந்தது. பழைய தளம் அகற்றப்பட்டதும், கனரக ஊர்திகள் புதியதைச் சுமந்து வந்து உரிய இடத்தில் அமர்த்தின.

திட்டமிடலின் கூறுகள்

43 மணி நேரம் என்பது பணியின் முழுக் காலமன்று. வடிவமைப்பு, உறுப்புகளின் உருவாக்கம், அளவுச் சரிபார்ப்பு ஆகியன வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிக்கப்பட வேண்டியவை. அளவு பிழைத்தால் மூடிய சாலையில் திருத்த நேரமிராது. தளத்தை உருவாக்க அருகில் இடமும், வாகனங்களைத் திருப்பிவிட மாற்றுவழியும் இன்றியமையாதவை.

முடிவுரை

எனவே, விரைவு என்பது பணியைக் குறைப்பதன்று. அதன் பெரும்பகுதியைச் சாலைக்கு வெளியே நகர்த்துவதாகும். அதற்குரிய இடமும் மாற்றுவழியும் இல்லாத சந்திப்புகளுக்குப் பகுதி பகுதியான முறையே பொருந்தும்.