தெளிவா பேச வேண்டாம், ஒரே மாதிரி பேசினா போதும்

நாம போன்கிட்ட பேசினா அது பாட்டு போடும், அலாரம் வைக்கும். நமக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான். ஆனா கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாத ஒருத்தருக்கு? விளக்கு போடக்கூட இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1952-ல் பெல் லேப்ஸ் செய்த 'ஆட்ரி' எண்களை மட்டும் புரிந்துகொண்டது. 1962-ல் ஐபிஎம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 வார்த்தைகள் வரை போனது. இவை ரெண்டும் பார்த்து வியக்கத்தான்.

உண்மையில் உதவியது அடுத்து வந்த எளிய முறை. பயன்படுத்துபவர் ஒவ்வொரு கட்டளையையும் சில தடவை சொல்லிப் பதிவு செய்வார். பிறகு அவர் பேசும்போது, அந்த ஒலி எந்தப் பதிவோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று இயந்திரம் பார்க்கும். ஒரே வார்த்தையை இன்று வேகமாகவும் நாளை இழுத்தும் சொல்வோமே? அதற்குத்தான் 'டைனமிக் டைம் வார்ப்பிங்'. ரெண்டு ஒலிகளையும் ரப்பர் மாதிரி நீட்டிச் சுருக்கிப் பொருத்திப் பார்க்கும் கணக்கு அது.

இதில் ஒரு அழகு இருக்கு. இந்த இயந்திரத்துக்கு எந்த மொழியும் தெரியாது. பெருமூளை வாதம் உள்ள ஒருவர் 'லைட்' என்று சொல்வது நம்ம காதுக்கு 'ஐ' என்று கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே 'ஐ' வந்தால் போதும், விளக்கு எரியும். சாயங்காலம் களைத்துப்போய் குரல் மாறினால்தான் தகராறு.

1990-ல் 'டிராகன் டிக்டேட்' வந்தது. விலை 9,000 டாலர்! ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்திப் பேசணும். "நான்... நாளைக்கு... வரேன்" என்று ஒரு பக்கம் சொல்லிப் பாருங்க. கை வலிக்காக இதற்கு மாறிய சிலருக்குத் தொண்டை போனதும் நடந்தது. தொடர்ச்சியாகப் பேச 1997-ல் அதே நிறுவனத்தின் 'நேச்சுரலி ஸ்பீக்கிங்' வரவேண்டியிருந்தது.

பிறகு ஆயிரக்கணக்கானோர் குரலில் பழகிய மென்பொருள்கள் வந்தன. பயிற்சியே வேண்டாம், யார் பேசினாலும் புரியும் என்றார்கள். அந்த 'யார்' கணக்கில் குழறிப் பேசுபவர்கள் இல்லை. 2019-ல் கூகுள் அறிவித்த 'புராஜெக்ட் யூஃபோனியா' அவர்களுடைய குரல்களைச் சேகரித்து, ஒருவர் குரலுக்கே மாடலைப் பழக்கிப் பார்த்தது. சுற்றி வந்து பழைய இடம்தான்!

ஃபைனல் இயரில் குரலால் இயங்கும் சக்கர நாற்காலி செய்யப்போறீங்களா? ரெடிமேட் ஏபிஐ-யை எடுத்து, உங்க குரலிலேயே டெமோ காட்டிட்டு முடிச்சிடாதீங்க. அதற்கு ஐந்தாறு கட்டளைதான் வேணும். அந்தப் பழைய முறை இணையம் இல்லாமலே சாதாரண லேப்டாப்பில் ஓடும்.