உங்களுக்குத் தெரியுமா? வற்றும் கரைக்கு ஒரு சிறு படகு

◆ ஓதம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி வற்றுகிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், எஸ்ஸெக்ஸ், சஃபக் பகுதிகளின் உப்பங்கழிகளில் கட்டிக் கிடக்கும் சிறு படகுகளில் பல, வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து ஏற்றத்தில் மிதப்பவை. கணக்குப் போட்டால் அப்படி ஒரு படகு ஆண்டுக்கு 700 முறை தரை தட்டுகிறது! கடலில் ஓடும் நேரத்தைவிடத் தரையில் உட்காரும் நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கே படகு வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் துறையின் அடித்தரையை. நீர் முழுதும் வற்றிய நேரத்தில் போய் நீளக் கோலால் குத்திப் பார்க்க வேண்டும். இளஞ்சேறா, கெட்டி மணலா, கூழாங்கல்லா? பழைய இரும்போ கட்டையோ புதைந்து கிடக்கிறதா? இதற்கு விடை தெரிந்த பிறகு படகு விற்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாம்.

◆ நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, ஐந்தில் 2, ஆறில் 1. மாலுமிகள் மனக்கணக்காகவே வைத்திருக்கும் விதி இது. அதே கரையின் ஹார்விச் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிவரும் பேரோதத்தின் சராசரி ஏற்றம் 3.6 மீட்டர் அளவு. ஒரு பங்கு 30 சென்டிமீட்டர். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1.8 மீட்டர் ஏறிவிடும். கரையில் பேசிக்கொண்டிருப்பவரின் முழங்காலுக்கு வந்த நீர், பேச்சு முடிவதற்குள் மார்புக்கு வந்துவிடுவது இப்படித்தான்.

◆ இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு படகுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் துறையின் தரை, தாழ்நீர் மட்டத்துக்கு மேல் 1.2 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர் மட்டும் நீரில் இறங்கும் தட்டைப் படகு ஒவ்வோர் ஏற்றத்திலும் சுமார் 6 மணி 40 நிமிடம் மிதக்கும். 90 சென்டிமீட்டர் இறங்கும் படகுக்கு 5 மணி 20 நிமிடம். ஒன்றரை மீட்டர் இறங்கும் படகுக்கு 4 மணி நேரம்தான். அதுவும் பேரோத நாளில்! ஓதம் தணிந்த நாட்களில் அந்த ஆழப் படகு எழும்பாமலே கிடக்கவும் கூடும். விளம்பரத்தில் படகின் நீளத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இத்தகைய கரையில் கொட்டை எழுத்தில் போட வேண்டியது அது நீரில் இறங்கும் ஆழம்.

◆ ஓர் ஊரில் பேரோதத்தின் உயர்நீர் எப்போதும் நாளின் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். ஹார்விச்சில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. அப்படியானால் விடியலிலும் அந்தியிலும் அங்கே கழி காய்ந்து கிடக்கும். அதிகாலையில் மீன்பிடிக்கப் போகிறவரும் பகலில் பாய் விரித்துச் சுற்றுகிறவரும் ஒரே துறையில் ஒரே படகை வாங்கக் கூடாது.

◆ பேரோதத்தின் உச்சியில் தரை தட்டிய படகு, அடுத்த பேரோதம் வரும்வரை இரண்டு வாரம் நகராமல் நிற்க நேரலாம். உயர்நீர் நேரத்தில் ஆழம் குறைந்த பக்கம் போகாதே என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

◆ தேம்ஸ் ஆற்றின் பழைய பாய்மரச் சரக்குப் படகுகள் 80 அடிக்கும் மேல் நீளம். செங்கல்லும் வைக்கோலும் தானியமும் நூறு டன்னுக்கு மேல் ஏற்றும். ஓட்ட இரண்டு பேர் போதும்! இவற்றின் அடி முழுத் தட்டை. பண்ணை ஓரத்துக் கழிக்குள் ஏற்றத்தோடு நுழைந்து, வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து, வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்திச் சரக்கு மாற்றி, அடுத்த ஏற்றத்தில் கிளம்பிவிடும். ஆழமான ஏரா இல்லாத படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளுமே? (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையே ஏரா.) அதற்கு இருபக்கமும் பெரிய பலகைகள் தொங்கவிட்டார்கள். காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கப் பலகையை மட்டும் நீரில் இறக்குவார்கள். டச்சுக்காரர்களின் படகுகளிலும் இதே ஏற்பாடு. சோழமண்டலக் கரையில் பாய் விரித்து ஓடிய கட்டுமரங்களிலும் பக்கப் பலகை இருந்தது. ஆழமில்லாத நீரில் படகோட்டியவர்கள் பல இடங்களில் இந்த விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

◆ எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903-இல் எழுதிய 'தி ரிடில் ஆஃப் தி சேண்ட்ஸ்' நாவலில் வரும் சிறு படகு, வட ஜெர்மனியின் மணல்திட்டுகளுக்கு நடுவே வற்றத்தில் வேண்டுமென்றே தரையில் உட்காரும். அவர் சொந்தமாக வைத்திருந்த 'விக்ஸன்' என்ற படகுதான் அதற்கு மாதிரி. அதுவும் ஓர் உயிர்காப்புப் படகை மாற்றிக் கட்டியது. அந்தத் திட்டுகள் இருக்கும் வாடன் கடலை யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

◆ அடி தட்டையாக இல்லாமல், கடலிலும் நன்றாக ஓடி, சேற்றிலும் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால்? ஆங்கிலேயர் கண்ட வழி இரட்டை ஏரா. நடுவில் ஆழமாக ஒன்று வைப்பதற்குப் பதில் இருபக்கமும் குட்டையாக ஒவ்வொன்று. 1969-இல் வந்த வெஸ்டர்லி சென்டார் என்ற 26 அடிப் படகு இந்த வகையில் பெயர் பெற்றது. இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். நீரில் இறங்குவது 90 சென்டிமீட்டர் அளவே. பழைய இரட்டை ஏராப் படகு வாங்குகிறவர் ஏரா உடலோடு சேரும் இடத்தை உள்ளும் புறமும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். 700 தடவை தட்டும் அதிர்ச்சி முழுதும் போய்ச் சேரும் இடம் அது. அங்கே மயிரிழை விரிசல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

◆ கூழாங்கல் தரையானால், தூக்கி இறக்கும் நடுப்பலகை வைத்த படகில் ஒரு தொல்லை உண்டு: படகு உட்காரும்போது பலகையின் இடுக்கில் கல் சிக்கிக்கொள்ளும். பிறகு பலகை இறங்காது. சேற்றுத் தரைக்கு அந்தக் கவலை குறைவு. ஆங்கிலக் கடற்படையில் இருந்த ஜான் வாட்கின்சன் 1960-களில் வடிவமைத்த 'டிராஸ்கோம் லக்கர்' 18 அடி 9 அங்குல நீளத் திறந்த படகு. பலகையைத் தூக்கிவிட்டால் நீரில் இறங்குவது 25 சென்டிமீட்டர். முழங்கால் நீரில் இறங்கித் தள்ளிவிடலாம். அதே வகைப் படகில் வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் 1978-இல் சான் டியேகோவிலிருந்து கிளம்பிப் பசிபிக் பெருங்கடலில் பாய் விரித்தார்! எல்லாரும் அப்படிக் கிளம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆழமில்லாத நீருக்கான படகு என்றால் பலவீனமான படகு என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

◆ இளஞ்சேறு படகைக் கவ்விப் பிடிக்கும். அகன்ற தட்டை அடியும் சேறும் ஒட்டிக்கொண்டால், நீர் ஏறும்போது படகு உடனே எழும்பாது. ஒருக்களித்துச் சாய்ந்து உட்கார்ந்த படகானால், எழும்புவதற்கு முன் நீர் விளிம்பைத் தாண்டி உள்ளே புகலாம். அடியில் நீளவாக்கில் இரண்டு மூன்று சட்டங்கள் அடித்த படகு இதைத் தவிர்க்கிறது. தேய்மானத்தை அந்தச் சட்டங்களே வாங்கிக்கொள்ளும். தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம்.

◆ 1963-இல் லண்டன் 'டெய்லி மிரர்' நாளிதழ் சாமானியர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் படகு ஒன்றை அறிமுகம் செய்தது. பாரி பக்னல், ஜாக் ஹோல்ட் இருவரும் வடிவமைத்த 'மிரர்' படகு அது. பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் ஃபைபர் நாடாவும் பிசினும் பூச வேண்டும். நீளம் 3.3 மீட்டர், எடை சுமார் 45 கிலோ. 70,000-க்கும் மேல் கட்டப்பட்டன. தைத்த படகு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் கட்டப்படாத காலத்துச் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைக் கடந்த மசூலாப் படகுகளின் பலகைகளைத் தென்னங்கயிற்றால்தான் தைத்தார்கள், ஆணியே இல்லாமல். மணலில் மோதும்போது அந்தத் தையல் நெகிழ்ந்து கொடுக்கும். விறைத்து நிற்கும் படகு உடைந்த இடத்தில் அது பிழைத்தது.

◆ 1961-இல் 'லைஃப்' இதழில் வந்த படங்கள் படகு வியாபாரத்தையே மாற்றின. டிக் ஃபிஷர் என்பவர் தம் 'பாஸ்டன் வேலர்' படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். பாதிப் படகு மூழ்கவில்லை. எஞ்சின் இருந்த பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போனார்! இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே கெட்டி நுரை நிரப்பியதுதான் சூட்சுமம். 13 அடியில் 1958-இல் வந்தது அந்தப் படகு. ஆனால் பழையதை வாங்கும்போது ஒரு சோதனை கட்டாயம்: எடை போட்டுப் பாருங்கள். மூடாமல் விட்ட திருகாணித் துளைகள் வழியாக நுரைக்குள் நீர் இறங்கியிருந்தால் எடை காட்டிக்கொடுக்கும்.

◆ கட்டிவைத்த திறந்த படகுக்குக் கடலைவிட மழை ஆபத்தானது. உள்ளே 5 சதுர மீட்டர் பரப்புள்ள படகில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அரை டன் தண்ணீர் சேரும். தானே நீர் வடியும் தளமோ, இறுகக் கட்டிய தார்ப்பாயோ, உள்ளே நுரையோ, இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத படகை ஆள் இல்லாத கரையில் விட்டுவைக்கக் கூடாது.

◆ கரடுமுரடான தரைக்கு அலுமினியம் நல்ல தேர்வு. அடிபட்டால் நசுங்கும், சட்டென்று உடையாது. ஆனால் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சை அதன்மேல் பூசினால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப் போகும். இதே அரிப்பைப் பயன்படுத்தி ஓர் உலோகத்தைக் காக்க இன்னொன்றைப் பலி கொடுக்கும் உத்தியை 1824-இல் ஹம்ஃப்ரி டேவி ஆங்கிலக் கடற்படைக்குச் சொன்னார். செப்புத் தகடு அடித்த கப்பல்களில் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டு பொருத்தினால் செம்பு அரிக்காது. அரிக்கவும் இல்லை. ஆனால் செம்பு கரையாமல் போனதால் கொட்டலசுகள் அப்பிக்கொண்டன! டேவியின் உத்தி இன்று லட்சக்கணக்கான படகுகளில் துத்தநாகக் கட்டியாகத் தொங்குகிறது.

◆ பாசித்தடுப்புப் பூச்சு என்றதும் பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடா நினைவுக்கு வர வேண்டும். டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சால் அங்கே சிப்பிகளின் ஓடு தடித்து, குஞ்சுகள் பிழைக்காமல் சிப்பிப் பண்ணைகள் நொடித்தன. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது, பிரிட்டன் 1987-இல். உலக அளவிலான தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வற்றத்தில் காயும் படகின் அடியைத் தேங்காய்நார் தூரிகையால் தேய்த்துவிடலாம். கடும் பூச்சு எதற்கு?

◆ சேற்று நீரில் அவுட்போர்டு எஞ்சின் குளிர்நீருக்காகச் சேற்றையும் உறிஞ்சும். உள்ளே இருக்கும் ரப்பர் விசிறி தேய்ந்து, எஞ்சின் சூடேறி நின்றுவிடும். வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுவது இந்தக் கரையில் கட்டாயம். படகைத் தள்ளும் வெளி விசிறியைத் தரையில் மோதாமல் காப்பதும் முக்கியம். உலக உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கரையேறும் படகுகளுக்காக, தரை நெருங்கியதும் டீசல் எஞ்சினோடு விசிறியையும் சேர்த்துத் தூக்கிவிடும் அமைப்பை அது உருவாக்கியது. இன்று தமிழகக் கரையில் ஃபைபர் படகுகளின் லாங்டெயில் எஞ்சின் அந்த வேலையை எளிமையாகச் செய்கிறது: கைப்பிடியைக் கீழே அழுத்தினால் நீண்ட தண்டின் நுனியிலுள்ள விசிறி நீருக்கு மேலே வந்துவிடும்.

◆ சேற்றுத் தரையில் நிரந்தரமாகப் படகு கட்டக் காளான் வடிவ நங்கூரம் பொருத்தம். நாள்பட நாள்பட அது ஆழமாகப் புதையும். பெல் ராக் பாறையருகே நின்ற விளக்குக் கப்பலுக்காக அதைப் பயன்படுத்திய ராபர்ட் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் தாத்தா. கலப்பை வடிவ நங்கூரத்தைக் கண்டுபிடித்தவர் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர்; 1933-இல் நீர்விமானங்களுக்காக அதைச் செய்தார். எந்த நங்கூரமானாலும், வற்றத்தில் உங்கள் படகு அதன் கொழுவின்மேலேயே உட்காராத தூரத்தில் போடுங்கள். படகைத் துளைத்தது சொந்த நங்கூரம் என்ற கதை எல்லாத் துறையிலும் உண்டு.

◆ கட்டும் கயிறு நைலானாக இருக்கட்டும். இழுபட்டு நீண்டு மீளும். மிதக்கும் மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் நூல் நூலாக உதிரும். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு முழம் ரப்பர் குழாய் மாட்டினால் போதும். கட்டறுந்து போகும் படகுகள் பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான்.

◆ தரையில் கிடந்து சுற்றும் சங்கிலி கடற்புல்லை வட்டமாக வழித்துவிடும். ஆழமில்லாத நீரில் ஓடும் விசிறி அதை நீளக் கீறலாகக் கிழிக்கும். அந்தத் தழும்பு ஆறப் பல ஆண்டுகள் ஆகலாம். தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவின் உணவே அந்தப் புல்தான். சங்கிலியின் நடுவே சிறு மிதவை கட்டித் தரையிலிருந்து தூக்கிவைப்பது, கடைசிச் சில நூறு மீட்டரை எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்பாலோ கோலாலோ கடப்பது: இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. கோலால் தள்ளிப் போகும் அளவுக்கு இலேசான படகை வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.