வித்தின் வடிவம் சொல்லும் சேதி: பியூசேரியத்தின் நான்கு பங்காளிகள்

வாடிய வாழையின் கிழங்கை ஆய்வகத்துக்குக் கொடுத்தால் திரும்பி வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்: பியூசேரியம். நெட்டையாக வெளுத்து வளர்ந்த நெல் நாற்றைக் கொடுத்தாலும் அதே பெயர் வரலாம். பூசணம் பூத்த மக்காச்சோளக் கதிருக்கும் அதே பெயர்தான். "எல்லாத்துக்கும் ஒரே பேரைத்தானே எழுதுறாங்க, அப்போ வைத்தியமும் ஒண்ணுதானே?" என்று நம் கூட்டங்களில் பலர் கேட்கிறார்கள்.

இல்லீங்க. பியூசேரியம் என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் பங்காளிகள் பலர். ஒருவன் மண்ணிலேயே குடியிருப்பவன், இன்னொருவன் விதைக்குள் ஒளிந்து வருபவன், வேறொருவன் காற்றில் வந்து கதிரில் இறங்குபவன். யார் எங்கே குடியிருக்கிறான் என்று தெரிந்தால்தான் விதையைக் கவனிப்பதா, மண்ணைக் கவனிப்பதா, தட்டையைக் கவனிப்பதா என்று முடிவு செய்ய முடியும். அந்த முகவரியை அவன் வித்தின் வடிவத்தில் படிக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூன்று விதமான வித்துகள்

பியூசேரியம் என்ற பெயரே வடிவத்தால் வந்தது. லத்தீன் மொழியில் 'ஃபியூசஸ்' என்றால் நூல் நூற்கும் தக்கிளி. இந்தப் பூஞ்சாணத்தின் பெரிய வித்து நடுவில் பருத்து இரு முனையும் கூராக இருப்பதால், 1809-ல் லிங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பெயரை வைத்தார்.

முதல் வகை இந்தப் பெரிய வித்துதான். அரிவாள் மாதிரியோ பரிசல்துறையில் பார்க்கும் நீளமான ஓடம் மாதிரியோ லேசாக வளைந்திருக்கும். உள்ளே குறுக்குச் சுவர்கள் இருக்கும், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. நீளம் ஏறக்குறைய 25 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாக்கினால் ஒரு பாகம்தான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை சிறு வித்து. முட்டை வடிவம் அல்லது அவரை விதை வடிவம். 5 முதல் 12 மைக்ரான். இது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். சில இனங்களில் ஈரமான சிறு உருண்டையாகத் திரண்டு நிற்கும். சிலவற்றில் மணி கோத்த மாலை போல நீண்ட சரமாக, உலர்ந்து நிற்கும்.

மூன்றாவது வகை கிளாமிடோஸ்போர். நாம் தடித்தோல் வித்து என்று வைத்துக்கொள்வோம். உருண்டையாக, கனத்த சுவரோடு, தனியாகவோ இரட்டையாகவோ இருக்கும். சாப்பாடு தீர்ந்து, செடி செத்து, மண் காயும்போது பூஞ்சாணம் இதை உண்டாக்கும். மண்ணில் விழுந்த பெரிய வித்தேகூடத் தடித்தோல் வித்தாக மாறிவிடும்.

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. சிறு வித்து கைச்செலவுப் பணம், உடனே செலவாகும். பெரிய வித்து சேமிப்புக் கணக்கு. தடித்தோல் வித்து நிரந்தர வைப்பு. பயிரின் வேர் பக்கத்தில் வரும் நாள்தான் அது முதிர்வடையும் நாள்.

நான்கு பங்காளிகள்

*ஆக்ஸிஸ்போரம்:* வாழை வாடல் நோயைக் கொண்டுவருபவன். பெரிய வித்து மெலிந்த அரிவாள் வடிவம். சிறு வித்து குட்டையான காம்பில் ஈர உருண்டையாகத் திரளும், சரமாக நிற்காது. தடித்தோல் வித்து ஏராளம். ஆகவே இவன் முகவரி மண். வாழை வாடல் ஒரு முறை வந்த மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் இவன் காத்திருப்பான். வாழை இல்லாத காலத்தில் சில களைகளின் வேரில், வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல், தங்கியிருப்பான். காற்றில் பறந்து ஊர் ஊராகப் போவது இவன் வழியல்ல. கன்றோடு, மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடு, பாய்ச்சும் தண்ணீரோடு போவான்.

*சொலானி:* பார்த்தால் ஆக்ஸிஸ்போரம் மாதிரியே இருக்கும். ஆனால் பெரிய வித்து தடித்துக் கட்டையாக இருக்கும், சிறு வித்து நீண்ட காம்பின் நுனியில் திரளும். இவனுக்கும் தடித்தோல் வித்து உண்டு, இவனும் மண்வாசிதான். வாழை வாடல்காரன் தண்டின் நீர்க்குழாய்க்குள் புகுந்து அடைப்பான். இவன் பெரும்பாலும் வேரையும் கிழங்கையும் வெளியிலிருந்து அழுகவைப்பான். பயறு வகைகளின் வேரழுகல், உருளைக்கிழங்கின் உலர் அழுகல் இவன் வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுவடையில் நெல் தாளோ தூசியோ கண்ணில் குத்தி, கருவிழியில் புண்ணாகும் கேஸ்களில் பியூசேரியம் தென்னிந்தியாவில் முக்கியக் காரணம், அதில் சொலானி வகைக்குப் பெரிய பங்கு. கண்ணில் தாள் குத்தினால் நாட்டு மருந்தும் வேண்டாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

*ஃபுஜிக்குரோய்:* நெல் நாற்று மற்றவற்றைவிட நெட்டையாக, வெளிர்மஞ்சளாக வளர்ந்து, பிறகு அடி அழுகிச் சாகும் 'பக்கானே' நோயின் காரணன். இவன் சிறு வித்து சரம் சரமாகவும் உருண்டையாகவும் வரும். தடித்தோல் வித்து கிடையாது. மண்ணில் நெடுநாள் காத்திருக்க வைப்பு நிதி இல்லாதவன் என்ன செய்வான்? பூக்கும் பருவத்தில் காற்றோடு கதிரில் இறங்கி, நெல்மணிக்குள் புகுந்து, அடுத்த போகத்துக்கு விதையோடு வருவான். நாற்று நெட்டையாவது ஏன் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1926-ல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர், பூஞ்சாணம் இல்லாமல் அது வளர்ந்த நீரை மட்டும் ஊற்றினாலே நாற்று நீள்வதைக் காட்டினார். அந்தப் பொருளுக்கு 1935-ல் யாபுதா வைத்த பெயர்தான் ஜிப்ரெலின். இன்று திராட்சைக்கு அடிக்கும் ஜிப்ரெலிக் அமிலம் இந்தப் பூஞ்சாணத்திலிருந்து வந்த கண்டுபிடிப்பு.

*வெர்டிசிலியாய்டிஸ்:* மக்காச்சோளத்தின் தண்டழுகலுக்கும் கதிரழுகலுக்கும் காரணன். சிறு வித்து நீண்ட சரங்களில் உலர்ந்து நிற்கும், காற்று பட்டால் உதிரும். இவனுக்கும் தடித்தோல் வித்து இல்லை. குடியிருப்பது நிற்கும் செடியிலும் தானியத்திலும் வயலில் விட்ட தட்டையிலும். புழு குடைந்த ஓட்டை இவனுக்குத் திறந்த வாசல். ஃபியூமோனிசின் என்ற நஞ்சை உண்டாக்குவான். 1995-ல் தக்காணப் பகுதிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அதன் பின்னால் இருந்தது இந்த நஞ்சு.

ஒரே கேள்வி

நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சிறு வித்து ஈர உருண்டையாகவே திரண்டு, தடித்தோல் வித்தும் இருந்தால் ஆள் மண்வாசி. சிறு வித்து சரமாகக் கோத்து, தடித்தோல் வித்து இல்லாவிட்டால் ஆள் விதையிலும் தட்டையிலும் வாழ்பவன். இந்த நான்கு பேருக்கும் இந்தக் கணக்கு சரியாக வரும். அதனால் ஆய்வகத்தில் அறிக்கை வாங்கும்போது, "பியூசேரியம் இருக்கிறது" என்பதோடு விடாதீர்கள். "எந்த இனம், தடித்தோல் வித்து தெரிகிறதா?" என்று கேளுங்கள். 400 மடங்கு பெருக்கும் சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியிலேயே இது தெரியும்.

விதையில் வருபவனுக்கு விதையிலேயே வேலையை முடிக்கலாம். நெட்டை நாற்று வந்த வயலிலிருந்து விதை எடுக்காதீர்கள். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் விதையைப் போட்டு, மிதப்பதை நீக்கி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். நோய் புகுந்த மணிகளில் பல எடை குறைந்து மிதந்துவிடும். பிறகு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதையுங்கள். ஜப்பானில் 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் விதையை வைத்து உடனே குளிர்ந்த நீரில் போடுகிறார்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், சூடு கொஞ்சம் கூடினாலும் முளைப்பு போய்விடும். மக்காச்சோளத்துக்கு, புழுவை அடக்குவதும், கதிரை நனையாமல் அறுத்து நன்றாகக் காயவைப்பதும், பூசணக் கதிரைக் கோழிக்குக்கூடப் போடாமல் ஒதுக்குவதும்தான் பாதுகாப்பு.

மண்வாசிக்கு விதை நேர்த்தி மட்டும் போதாது. இங்கேதான் நாம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். "வயலில் விளைந்தது வயலுக்கே" என்று எல்லாவற்றையும் மூடாக்காகப் போடுவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் வாடல் வந்து செத்த ரஸ்தாளி மரத்தை வெட்டி வாய்க்காலோரம் மூடாக்காகப் போட்டால், கோடிக்கணக்கான தடித்தோல் வித்துகளை நாமே டெபாசிட் செய்கிறோம். தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். செம்பழுப்பு வளையமும் கோடுகளும் தெரிந்தால் அது நீர்க்குழாய் அடைபட்ட அடையாளம். அந்தத் தூரைக் கிழங்கோடு எடுத்து அங்கேயே எரித்துவிட வேண்டும். மூடாக்குக்கும் வேண்டாம், எருக்குழிக்கும் வேண்டாம். அந்த மரத்தின் கன்று பசுமையாகத் தெரிந்தாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அங்கே புழங்கிய மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த வயலுக்குப் போக வேண்டும்.

இதோடு, அந்த வயலில் ஒரு போகமாவது நெல் வைத்து நீர் தேக்கினால், காற்றில்லாத சேற்றில் வித்துகள் கணிசமாகக் குறையும், முழுக்க ஒழியாது. ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, வேர்ப்பகுதியில் இடலாம். துவரை வாடலைக் கொண்டுவரும் இன்னொரு பங்காளி யூடம் விஷயத்தில், துவரையோடு சோளத்தை ஊடுபயிராக வைத்தால் வாடல் குறைவது வயலில் நிரூபணமானது. நம் முன்னோர் மானாவாரியில் செய்த கலப்புப் பயிர்தான் அது.

வடிவம் சொல்லாத சேதி

வடிவம் குடியிருப்பைச் சொல்லும். ஆனால் எந்தப் பயிரைத் தாக்குவான் என்பதைச் சொல்லாது. ஆக்ஸிஸ்போரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உண்டு. வாழையைக் கொல்பவனும், தக்காளியைக் கொல்பவனும், யாரையும் தொடாமல் மக்கிய வேரைத் தின்று வாழும் சாதுவும் நுண்ணோக்கியில் ஒரே அச்சு. வாழையிலேயே ரஸ்தாளியைச் சாய்க்கும் ரேஸ் 1 வகை, ஜி9 எனும் கேவண்டிஷ் வாழையைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. டிஆர்4 வகை கேவண்டிஷையும் கொல்லும். அது பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் வந்துவிட்டது. இரண்டையும் வித்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது, மரபணுச் சோதனைதான் பிரிக்கும். மத்திய அமெரிக்காவில் குரோ மிஷல் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்த ஏற்றுமதித் தோட்டங்கள் ரேஸ் 1-ஆல் அழிந்து, 1960-களில் கேவண்டிஷுக்கு மாறின. இப்போது உலக வணிகம் கேவண்டிஷ் ஒன்றையே நம்பியிருக்கிறது. நம் ஊரில் பூவன், நேந்திரன், மொந்தன், ரஸ்தாளி, செவ்வாழை என்று பல ரகம் வைத்திருப்பது அழகுக்காக இல்லை, அது நம் காப்பீடு.

சாதுவான வகைகள் இருப்பது ஒரு நல்ல செய்தியும்கூட. பிரான்ஸ் நாட்டில் ஷாத்தோரெனார் என்ற ஊர்ப் பக்கத்து மண்ணில், நோய்க்காரப் பியூசேரியம் இருந்தும் வாடல் நோய் தலையெடுப்பதில்லை. அந்த மண்ணைச் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விட்டது. சூடாக்கிய மண்ணில் பழைய மண்ணைக் கொஞ்சம் கலந்தால் திரும்ப வந்தது. காரணம், அங்கே நிறைந்திருக்கும் சாதுவான பியூசேரியங்களும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்களும். வேர் கசியும் சர்க்கரையையும் மண்ணிலுள்ள இரும்பையும் அவை முந்திக்கொண்டு எடுத்துவிடுகின்றன. தடித்தோல் வித்து விழித்து முளைவிட்டாலும் சாப்பிட மிச்சம் இருப்பதில்லை.

ஆகவே மண் அறிக்கையில் "பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம்" என்று வந்தவுடன் பயந்து, மண்ணையே கொல்லும் மருந்தை ஊற்றாதீர்கள். அந்த மருந்துக்குத் தடித்தோல் வித்தில் ஒரு பங்கு தப்பும், காவல் நிற்கும் சாதுக்கள் முதலில் சாகும், தப்பியவன் காலி மண்ணில் தனியாக ஆட்சி செய்வான். பயிர் வாடியிருக்கிறதா, தண்டில் செம்பழுப்புக் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தத் தூரை எரியுங்கள், அந்த வயலைத் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் வழக்கம்போல் மக்கிய எருவையும் பயிர்ச் சுழற்சியையும் தொடருங்கள். அடுத்த நடவுக்குக் கன்று வாங்கும்போது மட்டும், அது வந்த தோட்டத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.