டிரெய்லர் 1 டன் குறைஞ்சா இஎம்ஐ கட்டிடலாமா?

சொந்தமா டிரெய்லர் எடுத்து நீங்களே ஓட்டப் போறீங்களா? பாடி பில்டர்கிட்ட விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி காலி எடையைக் கேளுங்க.

22 வீல் வண்டிக்குச் சரக்கோட சேர்த்து 55 டன்தான் சட்டப்படி உச்சவரம்பு. அதனால பிளாட்பெட்ல 1 டன் குறைஞ்சா, 1 டன் சரக்கு கூட ஏத்தலாம். டன்னுக்கு 1,500 ரூபாய் வாடகை, மாசம் 6 நடைன்னு வெச்சுக்கோங்க. மாசம் 9,000 ரூபாய். ஹை டென்சைல் ஸ்டீலுக்கு 2 லட்சம் கூடக் கேட்டா, வட்டி சேர்க்காமலே 22 மாசத்துக்கு மேல ஆகும். காலியா திரும்புற நடையைக் கணக்குல சேர்க்காதீங்க!

இது கம்பி, காயில் மாதிரி டன் கணக்குல வாடகை வர்றவங்களுக்கு. மெஷின் ஏத்தி, நடைக்கு இவ்வளவுன்னு வாங்குறீங்கன்னா அந்த 2 லட்சம் வேண்டாம்.

'ஓவர்லோடு போட்டுக்கலாம்'னு சொல்வாங்க. மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000.

இன்னொண்ணு, ஹை டென்சைல் பீம்ல விரிசல் விட்டா ரோட்டோர வெல்டிங் ஆகாது, சூடு பட்ட இடம் பலம் இழக்கும். அதே பில்டர் செஞ்சு ரெண்டு வருஷம் ஓடின வண்டியோட அடிப்பக்கம் பாருங்க. டெலிவரி அன்னைக்கு எடை மேடையில ஏத்தி, சீட்டைக் கையில வாங்கின பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க.