உங்களுக்குத் தெரியுமா? காற்றில் இருக்கும் உரம்!

● காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பயிர்களால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது.

● அந்தப் பிணைப்பை மின்னல் ஓரளவு உடைக்கிறது. பெரும்பகுதி வேலையைச் செய்பவை நுண்ணுயிர்களே. பூத்து நிற்கும் தட்டைப்பயறுச் செடியை மண்ணோடு தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். மிளகு போன்ற முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு! ரைசோபியம் பாக்டீரியாக்கள் அங்கே நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. நிறம் தருவது லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் அது.

● பயறுவகைச் செடிகளின் இந்த ஆற்றலை 1880களில் நிரூபித்தவர்கள் ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த்.

● செடி மண்ணில் மக்கும்போது நைட்ரஜன் அம்மோனியமாகிறது. வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. இரண்டுமே பயிருக்கு உணவு. நடவுக்கு முன் பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுவது இதற்காகத்தான்.

● நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண்ணில், இன்னொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கிக் காற்றில் சேர்க்கின்றன. சுழற்சி முழுமையாகிறது!

● தேவைக்கு மேல் யூரியா போட்டால், மிஞ்சும் நைட்ரேட் கிணற்று நீரில் இறங்கும். அளவறிந்து இடுவோம், பயறும் பசுந்தாள் உரமும் பயிரிடுவோம்.